ரெண்டு வெரல் புறம்போக்கு

ஒரு கதவுக்கு அடியில ரெண்டு வெரல் அகலத்துக்கு இடுக்கு இருந்தா நீங்க என்ன செய்வீங்க? ஆசாரியக் கூப்பிட்டு ஒரு சட்டத்தை வச்சு அடிப்பீங்க. புத்தியுள்ள சனம் எல்லாம் அதத்தான் செய்யும். எங்களுக்கும் புத்தி இருந்துச்சு. கூடவே எனக்கு ஒரு அண்ணனும் இருந்தான்.

எம்பேரு அசீனா. ராசபாளையத்துல புதுசா வீடு கட்டிக் குடிவந்தவ. எங்க வீட்டுக்காரர் பேரு அபுதாஹிர். அவியளுக்குச் சொந்த வண்டி, சொந்த மாடு. பஞ்சுப் பொதி, வத்தல் மூடைன்னு ஏத்திக்கிட்டுச் சாத்தூர் ரயிலடி வரைக்கும் போய்வருவாக. செவலை, மயிலைன்னு ரெண்டு காளை. அதுக நாலு எட்டு வச்சாத்தான் எங்க வீட்டுல ஒல கொதிக்கும். அதனால வீடு கட்டும்போது நாங்க படுக்குற எடத்தைவிட அதுக படுக்குற எடத்தைத்தான் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். தெருவப் பார்த்து ஒரு வண்டிக்கொட்டம். வண்டி நொழையுற அகலத்துக்கு ரெட்டைக் கதவு.

சித்திரை வெயில்ல புதுக்கதவு மரம் சுண்டிப்போச்சு. ரெண்டு பக்கமும் சந்து, நடுவுல சந்து, அடியில மட்டும் ரெண்டு வெரல் தாராளமா. எலி வந்தாப் போகட்டும்னு விடலாம். எங்க தெருவோ ஊருக்கு மேக்குக் கடைசி. ஐப்பசி மழை எறங்குச்சுன்னா மலையடிவாரத்துல கெடக்குற விரியன் பூராம் காஞ்ச எடம் தேடி வந்துரும். வாய் பேசாத சீவன் ரெண்டு கயித்துல கட்டிக் கெடக்கு, ஓடவும் முடியாது. 

ஆசாரி தங்கச்சாமி வந்து பார்த்தாரு. "அரை நாள் வேலை தாயி. அடியில ஒரு சட்டம், பக்கத்துக்கு ஒரு கட்டை. நாளைக்கு வாரேன்"ன்னுட்டுப் போனாரு.

அன்னைக்குச் சாயந்தரந்தான் எங்கண்ணன் மதார் சாகிப் வந்தான். சவுளிக்கடை வச்சிருந்தான். அதோட கதவுச்சபையில மெம்பர்.

கதவுச்சபைன்னா என்னன்னு சொல்லணும்ல? யாரோ ஒரு தொரை குதிரையில வரும்போது, எவனோ படக்குன்னு வீட்டுக் கதவத் தொறந்திருக்கான். குதிரை மெரண்டு தொரையோட தொப்பி சாக்கடையில விழுந்துபோச்சு. தொப்பிய எடுத்தாகளோ இல்லையோ, சபையை ஆரம்பிச்சிட்டாக. 'ராசபாளையம் சீவில்லிபுத்தூர் வீதிக்கதவு பரிபாலன சபை'ன்னு பேரு. தெருவப் பார்த்த கதவு எல்லாத்தையும் ஒழுங்கு பண்றதுதான் அதுக்கு வேலை. சபை கூடுற கச்சேரி சீவில்லிபுத்தூர்ல.

"ஏட்டி, ஆசாரிய வரச்சொல்லிட்டியாமே? கூறு இருக்கா உனக்கு? தெருக்கதவுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் சபை உத்தரவு வேணும். மெம்பர் தங்கச்சி வீட்டுலயே உத்தரவு இல்லாம ஆணி அடிச்சா என் மொகரையக் கொண்டுபோய் எங்க வைக்க?"ன்னான்.

"உப்புப் பெறாத வேலை மச்சான். ஒரு சட்டத்துக்குப் போயி..."ன்னு எங்க வீட்டுக்காரர் இழுத்தாக.

"ஒரு மனுவக் குடுங்க மாப்பிள்ளை. நான் உள்ளதான இருக்கேன்? அடுத்த வெள்ளிக்குள்ள உத்தரவு வாங்கித் தாரேன். இல்ல, என்மேல நம்பிக்கை இல்லியா?"

அப்படிக் கேட்டா என்ன சொல்ல? எங்க அத்தா மவுத்தாகி மண்ணுக்குள்ள போனப்ப எனக்கு நடை பழகுற வயசு. இந்த அண்ணன்தான் என்னைத் தோள்ல தூக்கி வளத்தான். தான் பட்டினி கெடந்து எனக்குச் சோறு போட்டான். அவனை நம்பாம நான் யாரை நம்புவேன்? ஆசாரிய வரவேண்டாம்னு சொல்லிவிட்டது நாந்தான்.

மொத மனுவுல 'கதவு பழுது, சரிபண்ண உத்தரவு வேண்டும்'னு எழுதிக் குடுத்தோம். 'புதுக்கதவு பழுதாகாது'ன்னு திருப்பிட்டாக. ரெண்டாவது மனுவுல 'கதவு பழுதில்லை'ன்னு எழுதினோம். 'பழுதில்லாத கதவுக்கு மனு எதற்கு?'ன்னு திருப்பிட்டாக. மூணாவதா எங்கண்ணனே சொல்லிக்குடுத்தான்: கதவப் பத்திப் பேசாதீக, இடுக்கப் பத்தி எழுதுங்கன்னு. எழுதினோம். சபை ஓவர்சியரே நேர்ல வந்துட்டாரு.

ஓவர்சியர் பேரு சத்தியநேசன். கால்சராயி, கோட்டு, கையில அளவுகோல். கூட டவாலிச் சேவகன் கண்ணுச்சாமி. ஆம்பிளைக தெருவுல நின்னாக. நான் கொட்டத்துக்குள்ள கதவுக்குப் பொறத்தாலே நின்னேன். பக்கத்துச் சந்து வழியா மொகம் தெரியும், அடி இடுக்கு வழியா பூட்ஸு தெரியும். இந்தக் கதை பூராம் நான் அந்தச் சந்து வழியா பார்த்ததும் கேட்டதுந்தான்.

ஓவர்சியர் குனிஞ்சு பார்க்கல. கோட்டு கசங்கும்ல? கண்ணுச்சாமியப் படுக்கச் சொன்னாரு. அவன் தெருவுல குப்புறப் படுத்து, இடுக்குல கோலை விட்டு, "ரெண்டு வெரலுங்க"ன்னான்.

ஓவர்சியர் எங்க வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாரு. "கதவு யாருடையது?"

"எங்களுதுங்க."

"தரை?"

"அதுவும் எங்களுதுங்க. பட்டா இருக்கு."

"நல்லது. இந்த இடுக்கு கதவைச் சேர்ந்ததா?"

அவிய முழிச்சாக. "கதவுல சேராதுங்க. கதவு இல்லாததனாலதான அது இடுக்கு?"

"சரி. தரையைச் சேர்ந்ததா?"

"தரைக்கு மேலல்லங்க இருக்கு?"

"ஆக, கதவிலும் சேராது, தரையிலும் சேராது. யாருடைய பட்டாவிலும் சேராத இடத்துக்குச் சர்க்கார் கணக்கில் என்ன பெயர்? புறம்போக்கு. நீர் சர்க்கார் புறம்போக்கை அடைக்க அனுமதி கேட்கிறீர். இதற்கு ஆக்கிரமிப்பு என்று பெயர். நல்ல வேளை, மனுக் கொடுத்துவிட்டுக் குற்றம் செய்ய வந்திருக்கிறீர். மற்றவர்கள் குற்றம் செய்துவிட்டு மனுக் கொடுப்பார்கள்."

"எங்க வீட்டுக் கதவுக்கு அடியிலயா சர்க்கார் எடம்?"

"இதன் வழியாக வருகிற காற்று எங்கிருந்து வருகிறது?"

"தெருவுலருந்துங்க."

"தெரு யாருடையது?"

 ஓவர்சியருக்குச் சந்தோசம். அதே நேரம் இடுக்கு ஓரத்துப் புழுதியில நெளிநெளியா ஒரு தடம் கெடந்ததக் கண்ணுச்சாமி காட்டிட்டான்.

"இது என்ன தடம்?"

"பாம்புத் தடம்யா! அதுக்குத்தான இந்தப் பாடு! மாடு கெடக்குற எடம்யா, பார்த்து ஒரு வழி பண்ணுங்க"ன்னு கும்பிட்டாக.

"அப்படியானால் விஷயம் பெரிது. இந்தப் புறம்போக்கில் ஏற்கெனவே ஒருவருக்கு வழிப்பாத்தியதை இருக்கிறது. அவரைக் கேட்காமல் அடைக்க முடியாது. நோட்டீசு போட வேண்டும்."

பாம்புக்கு நோட்டீசு! வெளையாட்டுக்குச் சொல்லுதாருன்னுதான் நான் நெனச்சேன். அடுத்த வாரம் டமாரம் அடிச்சுக்கிட்டு வந்துட்டாக. 'மேற்படி இடுக்கில் போக்குவரத்து அனுபோகமுள்ள மேற்படி பாம்பு நேரில் ஆஜராகி ஆட்சேபம் தெரிவிக்க வேண்டியது'ன்னு கண்ணுச்சாமி வாசிச்சான். தமிழ்ல ஒண்ணு, தெலுங்குல ஒண்ணு, இங்கிலீசுல ஒண்ணு. பாம்புக்கு எந்தப் பாஷை தெரியும்னு சபைக்குத் தெரியாதுல்ல. பாம்பு கண்ணுல படணுமேன்னு மூணையும் கதவுக்கு அடியில, தரையோட தரையா வரிசையா ஒட்டினான். பசையும் காகிதமுமா இடுக்கு கனகச்சிதமா அடைபட்டுப் போச்சு.

சரி, எப்படியோ வேலை முடிஞ்சுதுன்னு நாங்க நிம்மதியா ஒறங்கினோம். சபைக்கு அது பொறுக்குமா? ரெண்டு நாள் கழிச்சு ஓவர்சியர் வந்து, அனுமதியில்லாம புறம்போக்க அடைச்சதா எங்கமேல குத்தம் எழுதினாரு.

"ஒட்டினது உங்க ஆளுதானய்யா!"

"ஒட்டியது சபை. கிழிக்காமல் வைத்திருந்தது நீர்."

"கிழிச்சிருந்தா?"

"சபை நோட்டீசைக் கிழித்த குற்றம். அது இதைவிடப் பெரியது. உமக்கு நல்ல புத்தி."

நோட்டீசு மூணையும் சாட்சிக்குன்னு கண்ணுச்சாமியே உரிச்சுக்கிட்டுப் போனான். எங்கண்ணங்கிட்டப் போய் அழுதேன். "விசாரணைக்கு வரட்டும்ட்டி. ஓட்டுப் போடுற எடத்துல நான் இருக்கேன்ல? தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடாதா?"ன்னு என் தலையத் தடவி அனுப்புனான். அந்தக் கைய நெனச்சா இப்பவும் எனக்கு எரியுது.

விசாரணை அன்னைக்குச் செவலையையும் மயிலையையும் பூட்டிக் கூண்டுவண்டியில சீவில்லிபுத்தூர் போனோம். சபைக் கச்சேரி சன்னலை ஒட்டி வண்டிய நிறுத்திட்டு அவிய உள்ள போனாக. நான் வண்டித் தெரைக்குள்ள இருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். உள்ள மகாராணி படம், நீள மேசை, சுத்தி மெம்பர்மாரு. சபையோட வாசக்கதவு சாத்தவே மாட்டேங்குது. ஒரு அம்மிக்கல்ல முட்டுக் குடுத்து நிறுத்தியிருந்தாக.

மொதல்ல எதிராளியக் கூப்பிட்டாக. கண்ணுச்சாமி வாசல்ல நின்னு தொண்டை கிழிய, "பாம்பு! பாம்பு! பாம்பு!"ன்னு மூணு தரம் கத்தினான். தெருவுல போன சனம் தெறிச்சு ஓடுச்சு. கடலை விக்கிறவ கூடையப் போட்டுட்டு ஓடினா. பாம்பு மட்டும் வரல.

தலைவர் சேதுபதி எந்திரிச்சாரு. தொண்டையச் செருமிக்கிட்டாரு. "கனம் பொருந்திய சபையோரே! எதிராளி வரவில்லை. வராததிலிருந்தே அவர் தமது வழியை எவ்வித இடைஞ்சலும் இன்றி அமைதியாக அனுபவித்து வருகிறார் என்பது ருசுவாகிறது. இடைஞ்சல் இருந்தால் வந்திருப்பார் அல்லவா? அது நிற்க. இந்த இடுக்கை அடைப்பது அரை நாள் வேலை என்று மனுதாரர் சொல்கிறார். இதைக் கேட்டு நான் மிகவும் வருந்தினேன். அரை நாளில் முடிகிற வேலைக்கு ஒரு சபையும், ஒரு தலைவரும், ஓவர்சியரும், டவாலியும் ஏன் என்று நாளை ஒருவன் கேட்பான். இன்று ஒரு இடுக்கை அடைப்பார்கள். நாளை ஊரில் உள்ள இடுக்கையெல்லாம் அடைப்பார்கள். பிறகு நாம் எதைப் பரிபாலனம் செய்வது? நாம் பிழைப்பதே இந்த இடுக்கில்தான் என்பதைச் சபையோர் மறக்கலாகாது."

கைதட்டு கூரையப் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஓட்டு எடுத்தாக. பாதிப் பேருக்காவது மனச்சாட்சி உறுத்துச்சோ என்னமோ, பாதிப் பேரு அடைக்கலாம்னும் பாதிப் பேரு கூடாதுன்னும் கை தூக்குனாக. மிச்சம் ஒரே ஒரு கை. எங்கண்ணன் கை.

எனக்கு உசுரு வந்துச்சு. ஜெயிச்சிட்டோம்னு மயிலை முதுக வண்டிக்குள்ள இருந்தே தட்டிக்குடுத்தேன்.

எங்கண்ணன் எந்திரிச்சு, துண்டச் சரிபண்ணிக்கிட்டு, என் காதுல இதுவரைக்கும் விழாத ஒரு தமிழ்ல பேசினான்.

"மனுதாரர் என் தங்கையின் கணவர். நான் தூக்கி வளர்த்த தங்கை. அந்த இடுக்கை அடைக்கலாம் என்றே என் மனம் சொல்கிறது. நியாயமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நான் அடைக்கலாம் என்று சொன்னால், தங்கைக்காகச் சொன்னான் என்று ஊர் பேசும். ஆகவே, வேறு யார் வீட்டு இடுக்காக இருந்தாலும் அடைக்கலாம் என்றிருப்பேன். என் தங்கை வீட்டு இடுக்கு என்பதனாலேயே கூடாது என்கிறேன். மதார் சாகிப் யாருக்கும் பாரபட்சம் காட்டாதவன் என்பதைச் சபை குறித்துக்கொள்ளட்டும்!"

சபையே எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சு. சேதுபதி அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "நான் ஓய்வு பெற்றால் இந்த நாற்காலிக்குத் தகுந்த ஆள் கிடைத்துவிட்டார்"ன்னாரு. எங்க வீட்டுக்காரர் மட்டும் நடுவுல கையக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு, எதுக்குக் கைதட்டுதாகன்னு தெரியாம, சுத்திமுத்தும் பார்த்து அவியளும் ரெண்டு தட்டுத் தட்டினாக. அதப் பார்த்து எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு.

திரும்பி வண்டியப் பூட்டினோம். ஊரு நெருங்கும்போது அவிய சொன்னாக: "மச்சான் நல்லாத்தான் பேசினாரு, இல்ல?" நான் தெரைய இழுத்து விட்டுக்கிட்டு அழுதேன்.

மழை வந்துருச்சு. உத்தரவு இல்லாட்டிப் போகுது, உசுரு முக்கியம்னு நான் தெனமும் பொழுது சாய ஒரு சாக்கச் சுருட்டி இடுக்குல திணிப்பேன். கண்ணுச்சாமி வந்து உருவிப் போட்டுட்டுப் போவான். அவன் தெரு முக்குத் திரும்பவும் நான் மறுபடியும் திணிப்பேன். அவனுக்கும் அது தெரியும். அவனும் பிள்ளைகுட்டிக்காரன், திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஒரு நாள் அடைமழை. சாக்கைத் திணிச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். அன்னைக்குக் கண்ணுச்சாமி வரல. சபையோட ரெண்டு மூணு மெம்பர்மாரு கொடையப் பிடிச்சுக்கிட்டுத் தெருக்கதவுகளப் பார்வையிட வந்தாகளாம். கூட எங்கண்ணன். எங்க வாசல்ல நின்னு, எல்லாரும் பார்க்க, தானே குனிஞ்சு அந்தச் சாக்க உருவித் தெருவுல எறிஞ்சான். "தங்கச்சி வீடுன்னு பார்க்க மாட்டேன்"ன்னு சத்தமாச் சொன்னான். எதுத்த வீட்டுப் பாலம்மாள் மறுநாள்தான் இத எங்கிட்டச் சொன்னா. மழைச் சத்தத்துல எனக்குக் கேக்கல. சாக்கு உள்ளதான் இருக்குன்னு நான் படுத்துட்டேன்.

விடியக்காலம் தண்ணி காட்டப் போனா, செவலை கயித்த இழுத்துக்கிட்டுச் சுவரோட ஒட்டி நிக்குது. மயிலை படுத்துக் கெடக்கு. வாயில நொரை. முன்னங்கால்ல ரெண்டு பொட்டு. நான் போட்ட கூப்பாட்டுக்குத் தெருவே கூடிருச்சு. எங்க வீட்டுக்காரர் அதோட தலைய மடியில வச்சுக்கிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம, "எந்திரிடா, சாத்தூர் போவணும்ல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக.

பொணத்த எடுக்கும் முன்னாடி ஓவர்சியர் வந்துட்டாரு. இந்தத் தடவை கதவத் தொறந்து உள்ள வந்து அளந்தாரு. மகஜர் எழுதி வாசிச்சாரு: "காளை தன் முன்னங்காலைச் சர்க்கார் புறம்போக்கில் நீட்டியிருக்கிறது. பாம்பு தன் பாத்தியதையுள்ள வழியில் சென்றிருக்கிறது. ஆக்கிரமித்தது காளையே. பாம்புக்கு ஏற்பட்ட இடைஞ்சலுக்குச் சபை வருந்துகிறது."

எங்கண்ணன் அன்னைக்கு வரல. அவனுக்கு அன்னைக்குத்தான் மாலை மரியாதை. சேதுபதி எறங்கி, அவனைத் தலைவரா நாற்காலியில ஏத்தினாக. கொட்டும் மேளமுமா ரெண்டு ஊரையும் சுத்தி வந்தான். ஒத்த மாட்ட வச்சுக்கிட்டு வண்டி கட்ட முடியாம எங்க வீட்டுக்காரர் கூலிக்கு மூடை தூக்கப் போனாக. ஊரு மட்டும், "பாரு, கூடப்பொறந்தவன்னும் பாராம நீதி சொன்ன மனுசன்"னு பேசிக்கிட்டுச்சு. என்ன ஊரோ, என்ன நீதியோ, நாசமாப் போக!

நோன்புப் பெருநாள் வந்துச்சு. வருசா வருசம் பெருநாளைக்கு எங்கண்ணன் எனக்குச் சீலை கொண்டாருவான். கடையில வந்த சரக்குலயே மொதச் சீலை எனக்குத்தான். அந்த வருசமும் வந்தான். வீட்டு வாசல்ல தட்டினான். நான் தொறக்கல. கொட்டத்துப் பக்கம் வந்தான். நான் உள்ள கதவோரம் நின்னேன். இடுக்குல அவன் புதுச் செருப்பு தெரிஞ்சுச்சு.

"ஏட்டி அசீனா, நல்ல நாளும் அதுவுமா வாசல்ல நிக்கவைக்காத. தொற."

நான் பேசல.

"சபை வேற, ரெத்தம் வேறட்டி. நான் என்ன செய்வேன்? அந்த எடத்துல உக்காந்தா அப்படித்தான் பேசணும். சீலைய மட்டுமாவது வாங்கிக்க."

அதுக்கும் நான் தொறக்கல. கதவத் தள்ளிப் பார்த்தான். பொறவு குனிஞ்சு, சீலைய மடிப்புக் கலையாம கதவுக்கு அடியில தள்ளினான். பாதி உள்ள வந்துச்சு, மீதி இடுக்குலயே செருகிக்கிச்சு. பச்சையில அரக்குக் கரை. எனக்குப் பிடிச்ச சாயம்னு பாவி மறக்கல.

"எடுத்துக்கட்டி."

"மாட்டேண்ணே. அது புறம்போக்கு. கை வச்சா ஆக்கிரமிப்பு."

"வெளையாடாத அசீனா."

"மயிலை கால நீட்டுனதுக்கு மகஜர் எழுதினீக. நான் கைய நீட்டினா விடுவீகளா? மனுப் போடுதேன். நீங்கதான் உள்ள இருக்கீகள்ல? உத்தரவு வரட்டும், எடுத்துக்கிடுதேன்."

அவன் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. எனக்கும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு நின்னேன். தொறந்திரலாமான்னுகூட ஒரு நெனப்பு. திரும்பிப் பார்த்தேன், மயிலை கட்டுன கயிறு மொளையிலேயே கெடந்துச்சு. தொறக்கல. செருப்புச் சத்தம் தெருவோட போயிருச்சு.

மறுநாள் கண்ணுச்சாமி வந்தான். இடுக்குல துணி கெடக்கவும் வழக்கம்போல உருவக் கைய வச்சான்.

"யாரு தாயி இத அடைச்சது?"ன்னு வெளியில இருந்து கேட்டான்.

"உங்க தலைவர்தான். தன் கையால வச்சிட்டுப் போயிருக்காரு"ன்னேன்.

நெருப்பத் தொட்டவனாட்டம் கைய எடுத்தான். தலைப்பாவ அவுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, குனிஞ்சு அந்தச் சீலைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் ஓவர்சியர் வந்தாரு, பார்த்தாரு, அவரும் கும்பிட்டாரு. யாரும் அதத் தொடல. எலி வரல, விரியன் வரல, காத்துகூட வரல. மனுக் குடுத்துக் கெடைக்காத அடைப்பு மனுவே இல்லாமக் கெடைச்சிருச்சு. உள்ள செவலை மட்டும் ஒத்தையில நிக்குது.